வெளியே வா, அம்மிணி

அபாய மணி அடித்தால் அந்தப் பனியன் கம்பெனியில் யாரும் ஓடமாட்டார்கள். முதலில் ஊசிக்கு அடியில் இருக்கும் பீஸை முடிப்பார்கள். பீஸ் கணக்கில் கூலி வாங்குகிறவர்களுக்குப் பாதியில் விட்ட தையல், பாதியில் விட்ட சோறு மாதிரி. அப்புறம் மேசைக்கு அடியில் வைத்திருக்கும் சாப்பாட்டுப் பையை எடுப்பார்கள். அதன்பிறகு மாடிப்படி வாசலுக்கு வந்து, அங்கே குவிந்து கிடக்கும் செருப்புகளில் தங்கள் செருப்பைத் தேடுவார்கள். புதிதாக வாங்கியவள் என்றால் ஜோடி சேரும்வரை நகரவே மாட்டாள்.

மருதாசலம் அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி. ஒருமுறை ஸ்விட்ச் போர்டில் பஞ்சுத் தூசி படிந்து புகை கிளம்பியபோது இந்தச் செருப்புத் தேடலைக் கண்ணால் பார்த்தான். தொண்டை கிழியக் கத்தினான். "இருங்கண்ணா, ஒத்தச் செருப்பத்தான் காணோம்" என்று ஒருத்தி சாவகாசமாகப் பதில் சொன்னாள். தீ பெரிதாகாமல் அடங்கியது யார் செய்த புண்ணியமோ. ஆனால் அந்தப் பதில் அவன் நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. மணியை மாற்றிப் பார்த்தான். சங்கு வைத்துப் பார்த்தான். சிவப்பு விளக்கு சுழலவிட்டுப் பார்த்தான். எல்லாவற்றுக்கும் பெண்கள் சீக்கிரமே பழகிக்கொண்டார்கள்.

திருப்பூரில் துணியை வெட்டுவதும் அடுக்குவதும் இயந்திரக் கைகளின் வேலையாகி, தைப்பதும் சரிபார்ப்பதும் மட்டும் இன்னும் மனிதர்களிடம் மிச்சமிருந்த காலம் அது. பெங்களூரில் ஒரு நிறுவனம் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்திருப்பதாகக் கேள்விப்பட்டு, பொது மேலாளர் பத்ரிநாத்தின் அறைக்கு நடையாய் நடந்து, அதை வாங்க வைத்தவன் மருதாசலம்தான்.

அந்த நிறுவனத்திலிருந்து வந்த பெண்ணின் பெயர் ஜெனிஃபர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு பேசுவாள். "சத்தத்துக்கு யாரும் எழுந்திரிக்கிறதில்ல சார். குரலுக்குத்தான் எழுந்திரிக்கிறாங்க. அதுவும் எல்லாக் குரலுக்கும் இல்ல. ஒவ்வொருத்தருக்கும் யாரோ ஒருத்தர் கூப்பிட்டா யோசிக்காம கால் நகரும். அந்த ஒருத்தர் யாருன்னு சொல்லச் சொல்லுங்க. மீதியை நாங்க பார்த்துக்கிறோம்."

காதில் மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி அது. பார்க்கத் தோடு மாதிரி இருந்ததால் பெண்கள் அதைத் தோடு என்றே அழைத்தார்கள். உள்ளே வரும்போது மாட்டாவிட்டால் கதவு திறக்காது. தீ எங்கே, எந்தப் படி பாதுகாப்பானது, யார் எங்கே நிற்கிறார்கள் என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஆபத்து வந்தால் அவரவர் சொன்ன ஆளின் குரலில் அவரவர் காதுக்குள் மட்டும் பேசும். நாடித்துடிப்பையும் நடையையும் கவனித்து, ஆள் அசையவில்லை என்றால் சொல்வதை மாற்றிச் சொல்லும், கெஞ்சும், அதட்டும். வாசலைத் தாண்டிய நொடியில் நின்றுவிடும்.

குரல் கொடுக்கும் வாரம் திருவிழாவாகக் கழிந்தது. ஒடிசாவிலிருந்து வந்த பெண்கள் ஊருக்கு வீடியோ கால் போட்டு அம்மாக்களைப் பேச வைத்தார்கள். பிளாட்லாக் மெஷினில் தைக்கும் ஒருத்தி, யு.கே.ஜி. படிக்கும் மகளைக் கூட்டி வந்தாள். அந்த லைனிலேயே மூத்தவளான சரசாள் மட்டும் மாமியாரின் குரலைக் கொடுத்தாள்.

"ஏனுங்கக்கா, உங்க மாமியாருன்னா உங்களுக்கு அத்தன பிரியமா?" என்று மருதாசலம் கேட்டான்.

"பிரியமாவது ஒண்ணாவது. அந்தப் பொம்பள கூப்பிட்டா நான் செத்துக் கெடந்தாலும் எந்திரிச்சு ஓடியிருவேன். நீங்க உசுரக் காப்பாத்தணும்னுதானுங்களே கேக்கறீங்க?" என்றாள் சரசாள். மாடியே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவள் விடவில்லை. "உங்களுக்கு யாரு குரலுங்க தம்பி? இனிமேல்தான் பொண்ணு பாக்கோணுமா?"

நாற்பதை நெருங்கியும் பெண் அமையாதவன் மருதாசலம். தனக்கு வெறும் மணியே போதும் என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

செக்கிங்கில் வேலை பார்க்கும் துளசிமணி கடைசியாக வந்தாள். கைக்குட்டையில் சுற்றிய பழைய போன் ஒன்றை மேசைமேல் வைத்தாள். அவள் புருஷன் மோகனசுந்தரம் பல்லடம் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. போனில் அவன் பேசி அனுப்பியவை இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள் என்றாள். இறந்தவர் குரல் வேண்டாமே என்று மருதாசலம் தயங்கினான். அவள் தலையைக் குனிந்துகொண்டே, "எனக்கு வேற யாருங்க இருக்கறாங்க, கூப்பிட?" என்றாள்.

நான் இருக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவன் உதடுவரை வந்தது. போனை எடுத்து ஜெனிஃபரிடம் கொடுத்தான்.

கம்பெனியில் எல்லாப் பெண்களும் அவனை அண்ணா என்றோ தம்பி என்றோ அழைக்க, துளசிமணி மட்டும் சார் என்பாள். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவன் ஒரு வருஷமாக வாழ்ந்துகொண்டிருந்தான். சரசாளுக்கு அது தெரியும். சமயம் பார்த்துத் தானே பேச்சை எடுப்பதாகவும் சொல்லியிருந்தாள்.

முதல் ஒத்திகையில் கம்பெனியே அசந்துபோனது. பீஸ்கள் ஊசியிலேயே நின்றன. சாப்பாட்டுப் பைகள் கிடந்த இடத்தில் கிடந்தன. வெறுங்காலோடு பெண்கள் இறங்கி வந்தார்கள். மஞ்சள் கோடு போட்ட மைதானத்தில் நின்று சிலர் அழுதார்கள், சிலர் சிரித்தார்கள். "என்ற மாமியா சந்து பொந்துல எல்லாம் தொரத்தறாளுங்க" என்று சரசாள் மூச்சு வாங்கினாள். ஊரிலிருக்கும் அம்மாவுக்கு உடனே போன் போட்டவர்கள் பலர். பத்ரிநாத் எதிரே இருந்த ஆபீஸ் மாடியிலிருந்து பார்த்துக் கைதட்டினார்.

துணி வாங்கும் வெளிநாட்டுக்காரர்களுக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பதால் மாதம் ஒரு ஒத்திகை நடந்தது. ஒவ்வொரு ஒத்திகையிலும் எல்லோரும் முன்னைவிட விரைவாக வந்தார்கள், ஒருத்தியைத் தவிர. துளசிமணி ஒவ்வொரு முறையும் முன்னைவிடத் தாமதமாக வந்தாள். மருதாசலம் கேமராவில் பார்த்தான். மற்றவர்கள் எல்லாம் இறங்கிப்போன மாடிப்படித் திருப்பத்தில் அவள் சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். காதைக் கையால் பொத்தியிருந்தாள். உதடு அசைந்தது. பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீ நேரத்தில் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டான். முதலில் மூச்சுத் திணறல் என்றாள். பிறகு கால்வலி என்றாள். கேமராவில் பார்த்ததை அவன் சொன்னதும் உண்மை வந்தது.

"வேகமா எறங்கினா ரெண்டு வார்த்தைங்க சார். நின்னா பேசறாருங்க."

அவள் டம்ளரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தாள்.

"அம்மிணின்னு கூப்படறாரு. உசுரோட இருந்தப்ப ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லைங்க. ஏய்னுதான் சொல்லுவாரு. இப்ப, அம்மிணி வெளிய வான்னு சொல்றாரு. கொஞ்சம் நின்னா, 'நாளெல்லாம் நின்னு நின்னு உன்ற காலு வீங்கிக் கெடந்துச்சே, நான் பாத்துட்டுத்தான் இருந்தேன், சொல்லத் தெரியல'ங்கறாரு. இன்னும் கொஞ்சம் நின்னா இன்னும் என்ன சொல்லுவாரோன்னு இருக்குதுங்க."

"அது மெஷினுங்க, துளசிமணி."

"தெரியுதுங்க. ஆனா மனசுல இல்லாதது கொரல்ல எப்படிங்க வரும்?"

குரலை மாற்றிவிடலாம், மணியை வைத்துவிடலாம், உயிர் விஷயம் என்றான். அவள் முகத்தில் ரத்தம் வற்றியது. லாரி மோதிய அன்று ஆஸ்பத்திரி வாசலில் அந்த முகம் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நிஜமாகத் தீ வந்தால் ஓடி வந்துவிடுவேன், சத்தியம் என்று அவள் கையை நீட்டினாள். அந்தக் கையை அவன் தொடவில்லை.

அவன் இருக்கைக்கு வந்து கம்ப்யூட்டரைத் திறந்தான். ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், மோகனசுந்தரம் போய்விடுவான். ஆனால் அழுத்துகிற கை யாருடையது? பாதுகாப்பு அதிகாரியுடையதா, அல்லது செத்துப்போனவனைப் பார்த்துப் பொறாமைப்படும் ஒரு கல்யாணமாகாதவனுடையதா? அவனால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. முடியாததால் அழுத்தாமலே எழுந்து போனான். தன்னை யோக்கியன் என்று நினைத்துக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் செய்கிற தவறு அது.

நிஜத் தீ ஆனி மாதம் ஒரு மதியம் வந்தது. காற்று பலமாக அடித்துக்கொண்டிருந்தது. கீழ்த்தள குடோனில் துணி சுமக்கும் தானியங்கி வண்டி ஒன்று சார்ஜில் இருக்கும்போதே பற்றிக்கொண்டது. பக்கத்தில் அடுக்கியிருந்த துணி உருளைகள் எரிய, கரும்புகை லிஃப்ட் வழியாக மாடிகளுக்கு ஏறியது.

தோடுகள் பேசின. பெண்கள் கிழக்குப் படி வழியாக ஆறுபோல இறங்கி வந்தார்கள். ஒருத்தரும் தள்ளவில்லை, விழவில்லை. மருதாசலம் வாசலில் திரையைப் பார்த்தபடி நின்றான். வெளியே வந்தவர்கள் எல்லாம் பச்சைப் புள்ளிகள். இரண்டாம் மாடியின் படித் திருப்பத்தில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி அசையாமல் நின்றது.

யாருடையது என்று பார்க்கவேண்டிய அவசியமே இல்லை. ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு உள்ளே ஓடினான். சரசாள் பின்னாலிருந்து கூப்பிட்டது காதில் விழுந்தது. முதல் மாடியைத் தாண்டும்போதே கண் எரிந்தது, மூச்சு அடைத்தது. கைப்பிடிச் சுவரைத் தடவித் தடவி ஏறினான். அவள் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தால் புகைதான் உள்ளே போனது.

அப்போது புகைக்குள்ளிருந்து அவள் வந்தாள். ஓடி வந்தாள். அவன் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, அவன் யார் என்றே தெரியாதவள்போல் படிகளில் பாய்ந்து இறங்கினாள். அவன் பின்னாலேயே இறங்கி வெளியே வந்து பார்த்தபோது மஞ்சள் கோட்டிலும் அவள் இல்லை. மைதானத்தைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, மெயின் ரோட்டுப் பஸ் ஸ்டாப் வரை ஓடிப்போய் நின்றிருந்தாள். தோட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்திருந்தாள்.

ஒரு உயிர்கூடப் போகவில்லை. பேப்பரில் வந்தது. பத்ரிநாத் டிவியில் பேசினார். மருதாசலத்துக்குச் சால்வை போர்த்தினார்கள்.

புகை குடித்த சிலரை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். துளசிமணியைப் பார்க்க அவன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனான். அவள் பழத்தைப் பார்க்கவில்லை. எப்படி இருக்கிறீர்கள் என்று அவன் கேட்டு முடிப்பதற்குள், அதற்காகவே காத்திருந்தவள்போல் பேசினாள்.

"மொதல்ல நல்லாத்தானுங்க பேசினாரு. நானும் கேட்டுட்டே நின்னுட்டேன். சத்தியம் பண்ணுனவதான், நின்னுட்டேன். பொகை வந்துருச்சு. அப்பவும் காலு வரலைங்க. செரி, இப்படியே அவர்கிட்டப் போயிரலாம்னு தோணுச்சு. அப்பத்தான் கொரலு மாறுச்சுங்க. 'அவளப் பாத்தாலே எரிச்சலா வருது. எங்கம்மா சொன்னாங்கன்னு கட்டித் தொலச்சேன். எங்கியாச்சும் போய்த் தொலஞ்சாள்னாத் தேவல'ன்னாரு. அவ்வளவுதானுங்க. காலு தானா ஓடுச்சு. அவரு இருக்கற எடத்துல இருக்கக் கூடாதுன்னு ஓடுச்சு."

மருதாசலம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"பின்னாடி டீ ஆத்தற சத்தம் கேட்டுச்சுங்க சார். கிளாஸ் வெக்கற சத்தம். அதுக்கு முன்னாடி அவரு பேசும்போது அந்தச் சத்தமெல்லாம் ஒருநாளும் இருந்ததில்ல." முதல்முறையாக அவன் முகத்தைப் பார்த்தாள். "எது அவரு சொன்னதுங்க, எது மெஷின் சொன்னது?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தான். ஆஸ்பத்திரி மாடிப்படியிலேயே நின்று ஜெனிஃபருக்குப் போன் போட்டான். அவள் எதையோ திறந்து பார்க்கும் சத்தம் கேட்டது.

"சார், அந்தப் போன்ல அவர் குரல் இருந்த எல்லாத்தையும் நாங்க எடுத்துக்கிட்டோம். மனைவிக்கு அனுப்பினது மட்டும் இல்ல. மனைவிக்கு அனுப்பினது ரொம்பக் கொஞ்சம். சோறு ஆக்கிட்டியா, சாவி எங்க, அவ்வளவுதான். மத்தது எல்லாம் ஃபிரெண்ட்ஸுக்கு அனுப்பினது."

"அம்மிணின்னு கூப்பிட்டது?"

"அது நாங்க கட்டினது. உங்க ஊர்ப் பக்கம் பாசமா எப்படிக் கூப்பிடுவாங்கன்னு அதுக்குத் தெரியும். கால் வீங்கினதுகூட அதுவே சொன்னதுதான். அவங்க நிக்கிற விதத்தை வெச்சு."

"தீயில சொன்னது?"

"அது மட்டும்தான் சார் அவர் சொன்னது."

கீழே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள். இப்படி ஒன்றைச் சொல்ல யார் அதற்குக் கற்றுக்கொடுத்தது என்று கேட்டான்.

"யாரும் கத்துக்கொடுக்கல சார். ஆள் வெளியே வரணும், அது ஒண்ணுதான் நாங்க சொன்னது. எதைச் சொன்னா கால் நகருதுன்னு அது பார்க்கும். பாசமாச் சொன்னா நிக்கிறாங்கன்னு தெரிஞ்சுக்கிச்சு. வேற எது இருக்குன்னு தேடியிருக்கு." அவள் குரல் தாழ்ந்தது. "அவங்க உயிரோட இருக்காங்க சார். அதை மறந்துடாதீங்க."

அவனுக்கு அப்போது வழி இரண்டாகப் பிரிந்து தெரிந்தது. உண்மையைச் சொன்னால் மோகனசுந்தரம் இன்றோடு ஒழிவான். உன்னை ஒருநாளும் மதிக்காதவனுக்காகவா சாகப் பார்த்தாய் என்று கேட்டால் அவள் அழுவாள், தேறுவாள், ஒரு நாள் பக்கத்தில் நிற்பவனைத் திரும்பிப் பார்க்கவும் கூடும். ஆனால் மூன்று வருஷம் தனியாகப் படுத்து எழுந்தவளிடம், நீ வாழ்ந்ததாக நினைத்த வாழ்க்கை அதற்கு முன்னாலேயே இல்லை என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். தனக்கு அந்த நாக்கு இல்லை என்று நினைத்தான்.

மேலே போனான். உட்கார்ந்தான்.

"முன்னாடி பேசுனது எல்லாம் அவரு பேசுனதுங்க. தீயில பேசுனதுதான் மெஷின் கட்டுனது. உங்கள வெளிய கொண்டு வரணும்னு."

"டீ ஆத்தற சத்தம்?"

"அதும் மெஷின் போட்டதுதான். நெசம் மாதிரி இருக்கணுமில்லீங்க."

"அப்ப அம்மிணின்னது?"

"அவரு சொன்னது."

"யாருகிட்டச் சொன்னாருங்க? எனக்கு அது வந்ததேயில்லையே."

அவன் இதை யோசித்து வைத்திருக்கவில்லை. பொய் ஒரு படி இறங்கினால் அடுத்த படியும் இறங்கத்தான் வேண்டும். "உங்களுக்குன்னு பேசி வெச்சிருக்கறாரு. அனுப்பாம உட்டுட்டாரு. கூச்சப்பட்டிருப்பாரு."

துளசிமணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். நெடுநேரம் அழுதபின் ஒரு சாத்துக்குடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குரலை மட்டும் மாற்றிவிடாதீர்கள் என்றாள். இனிமேல் நிற்கமாட்டேன், ரெண்டு வார்த்தை போதும், அது அவர் வார்த்தை என்று தெரிந்துவிட்டதே என்றாள்.

வாசலில் சரசாள் நின்றிருந்தாள். இன்றைக்கே பேச்சை எடுக்கட்டுமா என்று கண்ணால் கேட்டாள். வேண்டாம் என்று தலையை அசைத்துவிட்டு அவன் இறங்கிப் போனான். தியாகம் செய்துவிட்ட கனம் நெஞ்சில் இருந்தது. அந்தக் கனத்தில் ஒரு சுகமும் இருந்ததை அவன் கவனிக்காமல் இல்லை.

அடுத்த நாளே ஜெனிஃபரிடம் தீயில் கேட்ட அந்தப் பதிவை அழித்துவிடச் சொன்னான். அவள் இழுத்தாள். பிறகுதான் விஷயம் வந்தது. அழிக்க அவளுக்கு அதிகாரமில்லை. துளசிமணியை அசைத்த வாக்கியம் எது என்று கருவி இப்போது தெரிந்துகொண்டுவிட்டது. இனி ஒவ்வொரு முறையும் அவளிடம் முதலில் அதைத்தான் சொல்லும்.

பத்ரிநாத்தின் அறைக்குப் போனான். அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்தது.

"பெங்களூர்க்காரங்க நேத்தே பேசினாங்க மருதாசலம். நம்ம தீயை வெச்சு அவங்க பெரிய பாடம் படிச்சிருக்காங்க. பாசத்தைவிட வலி வேகமா ஆளை நகர்த்துது. புது வெர்ஷன்ல எல்லாருக்கும் அதைக் கொண்டு வர்றாங்க. இனி யார் குரல் வேணும்னு கேட்கவே வேண்டியதில்ல. யார் என்ன சொன்னா ஆள் ஓடுவாங்கன்னு அதுவே கண்டுபிடிச்சுக்கும். கம்பெனிக்குள்ள பேசறது எல்லாம் அது காதுலதானே விழுது. நமக்கு முதல்ல தர்றாங்க, இலவசமா."

இது பாவம் என்று மருதாசலம் சொன்னான். வேறு சொல் அவனுக்குக் கிடைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. தண்ணீர் டம்ளரை அவன் பக்கம் நகர்த்தினார்.

"அந்தப் பொண்ணு மனசு புண்பட்டுச்சுங்கறீங்க. சரி. உயிரோட இருக்கறதாலதானே புண்படுது? அன்னிக்கு மணி மட்டும் இருந்திருந்தா எத்தனை வீட்ல இழவு விழுந்திருக்கும்? நீங்கதானே எங்கிட்ட வந்து, செருப்புத் தேடறாங்க சார்னு அழுதீங்க?"

அழுதவன் அவன்தான். அதனால் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தான்.

அவன் கம்ப்யூட்டரில் இருந்த பொத்தானைத் தீக்குப் பிறகு எடுத்துவிட்டார்கள். துளசிமணியின் குரலை மணியாக மாற்ற இன்னும் ஒரு வழி இருப்பதாக அவன் நினைத்தான். அவளே கேட்டால் மாற்றலாம். அவள் கேட்கவேண்டுமென்றால் உண்மையைச் சொல்லவேண்டும். அவன் இரண்டு மூன்று முறை செக்கிங் பக்கம் போனான். வேலைக்குத் திரும்பியிருந்த அவள் முன்னைவிடத் தெளிவாக இருந்தாள். கழுத்தில் ஒரு மெல்லிய சங்கிலி போட்டிருந்தாள். சரசாளோடு சிரித்துப் பேசினாள். அந்தச் சிரிப்பைக் கெடுக்க வேண்டாம் என்று ஒவ்வொரு முறையும் திரும்பினான். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான். அதற்குள் புது வெர்ஷனும் ஒத்திகை நாளும் வந்துவிட்டன.

மணி பதினொன்று இருக்கும். தோடுகள் பேச ஆரம்பித்தன.

அப்படி ஒரு வேகத்தை மருதாசலம் கண்டதில்லை. மெஷின்கள் ஒரே மூச்சில் நின்றன. நாற்காலிகள் சரிந்தன. பெண்கள் படிகளில் இறங்கினார்கள் என்று சொல்ல முடியாது, கொட்டினார்கள். முதல் ஆளாக வாசலைத் தாண்டியவள் துளசிமணி. அவள் முகம் சுண்ணாம்பாக இருந்தது. அவளுக்குப் பின்னால் சரசாள், எப்போதும் மாமியாரைத் திட்டிச் சிரித்துக்கொண்டே வருகிறவள், முந்தானையை வாயில் திணித்தபடி வந்தாள். யு.கே.ஜி. குழந்தையின் அம்மா இரண்டு கைகளாலும் காதைப் பொத்தியிருந்தாள். மஞ்சள் கோட்டுக்குள் அத்தனை பேரும் நின்றார்கள். ஒருத்தி வாயிலிருந்தும் சத்தம் இல்லை. ஒருத்தியும் இன்னொருத்தி முகத்தைப் பார்க்கவில்லை. உனக்கு என்ன சொன்னது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. ஊருக்கு யாரும் போன் போடவில்லை.

தளம் காலியாகிவிட்டதா என்று பார்த்துவிட்டுக் கடைசியாக இறங்கவேண்டியது பாதுகாப்பு அதிகாரியின் வேலை. மருதாசலம் இரண்டாம் மாடிக்குப் போனான். கழிப்பறைகளைத் தட்டிப் பார்த்தான். செக்கிங் மேசைகளைக் கடந்து படித் திருப்பத்துக்கு வந்தான். அங்கே ஒரு கணம் நின்றான். அவள் சாய்ந்து நின்ற சுவரில் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள். கையால் தொட்டுப் பார்த்தான்.

நின்றதைக் கருவி கவனித்தது. அவன் காதில் மணி அடிக்கவில்லை. குரல் கேட்டது. துளசிமணியின் குரல்.

"நீங்க சொன்னது பொய்யின்னு எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க சார். எனக்காகச் சொன்னீங்கன்னு நெனச்சுத்தான் நம்பற மாதிரி இருந்தேன். நீங்க உங்க நிம்மதிக்குச் சொல்லியிருக்கறீங்க."

அவன் கால்கள் தாமாக நகர்ந்தன. எப்படி இறங்கினான் என்று அவனுக்கே தெரியாது. வாசலைத் தாண்டியதும் காதில் மௌனம் விழுந்தது. ஆபீஸ் மாடியிலிருந்து பத்ரிநாத் கைதட்டும் சத்தம் மட்டும் கேட்டது.

சரசாளோடு சாப்பிட உட்கார்ந்தபோது துளசிமணி இதைச் சொல்லியிருக்கலாம், தோடு கேட்டிருக்கலாம். அல்லது அவள் சொல்லாமலேயே, அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று பார்த்து அதுவே கட்டியிருக்கலாம். ஜெனிஃபருக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும். அல்லது பத்தடி நடந்து அவளையே கேட்டுவிடலாம். அவள் அங்கேதான் நின்றிருந்தாள், வெறுங்காலோடு, வெயிலில்.

அவன் போனை எடுத்தான். பார்த்தான். சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டு, எல்லோரும் வந்துவிட்டார்களா என்று எண்ணத் தொடங்கினான்.